மருந்து இருக்கிறது... கூட வர ஆள் இருக்கிறதா?

உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குக் கண் டாக்டர் என்றைக்கு வருவார், சர்க்கரை மாத்திரை எந்தக் கிழமை தருவார்கள் என்று கேட்டால் தெருவில் யாராவது ஒருவர் சட்டென்று சொல்லிவிடுவார். மனநல மருத்துவர் என்றைக்கு வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் கிடைக்காது. கேட்டவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். 'யாருக்கு, உங்களுக்கா?' என்ற கேள்வி அந்தப் பார்வையிலேயே இருக்கும்.

மருத்துவர் வரத்தான் செய்கிறார். மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் இந்தியாவில் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது, அதில் ஒன்று நம் திருச்சி. இன்று அது ஏறக்குறைய மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வட்ட மருத்துவமனைகளுக்குக் குறித்த நாளில் மருத்துவர் குழு வந்து பார்க்கிறது. மாத்திரைக்குக் காசு கிடையாது.

அந்த நாளில் அங்கே போய் உட்கார்ந்தால் ஒன்று கண்ணில் படும். மற்ற வரிசைகளில் இருக்கும் சலசலப்பு இந்த வரிசையில் இருக்காது. வயதான ஓர் அம்மா, முப்பது வயது மகனின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். மடியில் மஞ்சப்பை. அதில் மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோன ஓ.பி. சீட்டு, காலியான ரிஸ்பெரிடோன் மாத்திரை அட்டை, திரும்பிப் போகப் பஸ்ஸுக்குச் சில்லறை. மகன் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். முறை வந்ததும் டாக்டர் கேட்பார்: "தூங்குறானாம்மா? சாப்பிடுறானா? தனியா பேசுறது குறைஞ்சிருக்கா?" மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். மருந்தாளுநர் ஒரு மாதத்துக்கு மாத்திரை எண்ணிக் கொடுப்பார்.

அந்தச் சில நிமிடங்களுக்காக அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டிருப்பார். இரண்டு பஸ் மாறியிருப்பார். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்த மகனை வாசற்படி தாண்டவைக்க விடியற்காலையிலிருந்து கெஞ்சியிருப்பார். அடுத்த மாதம் அவருக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் அந்தப் பையனை அழைத்து வர வேறு நாதியில்லை. மாத்திரை நின்றுபோகும். மாத்திரை நின்றால் பல பேருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழையபடி குரல்கள் கேட்கத் தொடங்கிவிடும்.

இந்தக் கட்டுரை அந்த அடுத்த மாதத்தைப் பற்றியது. மனநோய்க்கும் குடிநோய்க்கும் இந்த மாநிலத்தில் மருந்து இருக்கிறது, மருத்துவர் குறைவாகவேனும் இருக்கிறார், சட்டமும் இருக்கிறது. நோயாளியோடு கூட நடக்க இன்னொரு மனிதர்தான் இல்லை. அப்படி ஒருவரை ஏற்பாடு செய்துகொண்ட இடங்களில் எல்லாம், கைவிடப்பட்டவர்கள் என்று நாம் நினைத்தவர்கள் எழுந்து நடமாடியிருக்கிறார்கள். அதற்குச் சாட்சி இந்த மண்ணிலேயே இருக்கிறது.

இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை இரண்டு கணக்குகள் காட்டும். தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இடம்பெற்றது. நோயின் வகையைப் பொறுத்து, பாதிக்கப்பட்ட நூறு பேரில் 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்று அது சொன்னது. குடிநோயில் அந்த எண்ணிக்கை 86. எய்ம்ஸ் தலைமையில் செய்யப்பட்டு 2019-இல் வெளியான போதைப் பழக்க ஆய்வு, மதுவால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் நாட்டில் 5.7 கோடிப் பேர் என்றது. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு வகையில் சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேர் நம் வீடுகளில்தான், நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

ஏர்வாடியில் விட்டுவந்தவர்கள்

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை விடியும் முன் தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 95-ஆம் பிரிவில் எழுதிவைத்திருக்கிறது.

கொட்டகை நடத்தியவர்களைப் பற்றி நிறையப் பேசினோம். அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்டவர்களைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. பெற்ற தாயும் கூடப்பிறந்த அண்ணனும்தான் இப்படிக் கொண்டுபோய் விடுகிறார்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவெல்லாம் கத்தும் பிள்ளை வீட்டில் இருக்கிறான். எதிர்வீட்டுக்காரர் போலீஸுக்குப் போவேன் என்கிறார். தங்கச்சிக்கு வந்த வரன் விஷயம் கேள்விப்பட்டுத் திரும்பிப் போகிறது. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது, போனால் அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. காத்து கருப்பு என்று மந்திரித்தாயிற்று, தாயத்து கட்டியாயிற்று, தெரிந்தவர்களிடமெல்லாம் கடன் வாங்கியாயிற்று. கடைசியில், 'ஏர்வாடியில் விட்டால் சரியாகிவிடும்' என்று யாரோ சொல்கிறார்கள். அதற்கு முந்தைய பத்து வருடங்களில் அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இந்தக் குடும்பங்கள் நம்பிப் போகிற ஏர்வாடி தர்காவையும் கோயில்களையும் இகழ்ந்து பேசி இதைக் கடந்துவிட முடியாது. குணசீலம் பெருமாள் கோயிலுக்கு 48 நாள் வேண்டுதலோடு வருகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஆர்.ரகுராமும் சக ஆய்வாளர்களும் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைக் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே மருந்து இல்லை. அடி உதையும் இல்லை. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்குவார். காலையில் கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று அன்றாட வேலைகளில் அவர்களும் சேர்ந்துகொள்வார்கள். யாரும் விரட்டுவதில்லை. சில வாரங்கள் தங்கிய பிறகு, நோய்க்குறிகளை அளக்கும் அளவுகோலில் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுப்பது ஆபத்து. மருந்தில்லாமல் ஸ்கிசோஃப்ரீனியா என்கிற மனச்சிதைவு போன்ற நோயைச் சமாளிக்க முடியும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அது சொல்வது வேறு. அரவணைக்கிற ஓரிடமும் கூடவே இருக்கிற ஓர் உறவும் மட்டுமே இவ்வளவு செய்கிறது என்றால், மருந்தோடு அதுவும் சேரும்போது எவ்வளவு நடக்கும்? ஏர்வாடி தர்காவில் இப்போது அரசின் மனநல மருத்துவ சேவையும் இயங்குகிறது. துவா கேட்டுவிட்டு மாத்திரையும் வாங்கிப் போகலாம். 28 உயிர்கள் போன பிறகு வந்தது என்றாலும், சரியான ஏற்பாடு.

குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவருவது நம் ஊருக்குப் புதிதில்லை. வேலூர் சி.எம்.சி. 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோதே, நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்க வேண்டும் என்பதை வழக்கமாக வைத்தது. உலகத்தின் பெரும்பாலான நாடுகளில் மனநோயாளியை மதிலுக்குள் தள்ளிப் பூட்டிக்கொண்டிருந்த காலம் அது. சமையலும் துவையலும் பேச்சுமாக வீடே மருத்துவமனைக்குள் வந்தது. எந்த மாத்திரை எதற்கு, நோய் திரும்பும்போது முதலில் எது தெரியும் என்பதைத் தாயும் மனைவியும் அங்கேயே கற்றுக்கொண்டு திரும்பினார்கள்.

ஊரே ஆஸ்பத்திரியான கதை

குடிநோயில் இதைவிடத் துணிச்சலான ஒன்றைத் தஞ்சை மண் பார்த்திருக்கிறது. சாந்தி ரங்கநாதன் தன் இளம் கணவரை 1979-இல் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அடுத்த ஆண்டே சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்றால் இன்று எல்லோருக்கும் தெரியும். குடி என்பது கெட்ட பழக்கம், சவுக்கடி கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஊரே நினைத்த நாளில், அது ஒரு நோய் என்று சொன்ன இடம் அது. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சென்னைக்கு வந்து ஒரு மாதம் தங்க விவசாயக் கூலிக்கு முடியுமா என்ற கேள்விதான் அவர்களை மஞ்சக்குடிக்குக் கொண்டுபோனது. இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் அந்தக் கிராமத்தில் 1989-இல் முதல் முகாம் நடந்தது. கட்டடம் கட்டவில்லை. ஊரில் இருக்கிற பொது இடத்திலேயே இரண்டு வாரம் போலத் தங்கவைத்துச் சிகிச்சை. சென்னையிலிருந்து மருத்துவரும் செவிலியரும் ஆலோசகர்களும் வந்தார்கள். மற்ற ஏற்பாடுகளை எல்லாம் உள்ளூர் பார்த்துக்கொண்டது. யாரை முகாமில் சேர்ப்பது என்பதையும் ஊர்க்காரர்களோடு பேசியே முடிவெடுத்தார்கள். மனைவி, தாய், அண்ணன் என்று வீட்டாருக்கும் தனி வகுப்பு உண்டு.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது சிகிச்சை முடிந்த பிறகு நடப்பது. சென்னையில் குணமாகித் திரும்புகிறவர் ஊருக்குள் நுழையும்போது, பஸ் ஸ்டாண்டிலேயே பழைய கூட்டாளி கை காட்டிக் கூப்பிடுவான். 'மெட்ராஸ் போய்ட்டு வந்தியாமே, பெரிய மனுஷன் ஆயிட்டியா?' என்பான். ஊர் நடுவிலேயே, ஊரார் பார்க்க, ஊர்ச் சோற்றைத் தின்று குடியை விட்டவரிடம் அப்படிக் கேட்பது கடினம். அவர் விட்டது எல்லோருக்கும் தெரியும். கடை வாசலில் நின்றால், 'என்னப்பா இங்க?' என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். மானம் போய்விடும் என்றுதான் நாம் குடிநோயை மறைக்கிறோம். மஞ்சக்குடியில் அதே மானம் காவலுக்கு நின்றது.

அறைக்குள் நடப்பது என்ன?

குடிநோயாளிகள் தங்களுக்குத் தாங்களே துணையாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த ஒருவரும் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவரும் சந்தித்துக்கொண்டதில் இந்த அமைப்பு தொடங்கியது. இருவருமே மொடாக்குடியர்கள். இன்னொரு குடிநோயாளியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது தனக்குக் குடிக்கத் தோன்றுவதில்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். மொத்த இயக்கமும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. தமிழ்நாட்டின் நகரங்களில் இன்று தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன.

பெரும்பாலும் தேவாலய வளாகத்து அறை, அல்லது மாலையில் காலியாக இருக்கும் பள்ளி வகுப்பறை. பெரிய ஆட்கள் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர் பக்கத்தில் பேங்க் மேனேஜர் இருப்பார். கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, முகவரி கேட்பதில்லை. ஒருவர் எழுந்து பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பார். எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். பிறகு அவர் பேசுவார். மகளின் காது குத்துக்கு எடுத்து வைத்த பணத்தைக் குடித்தது, அப்பாவின் காரியத்தன்று சுடுகாட்டுக்குப் போதையில் போனது என்று வெளியே வாய் திறக்க முடியாததெல்லாம் வரும். யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. அதே பாவத்தைச் செய்தவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். குடியை விட்டு ஓராண்டு ஆனவருக்கு அது பிறந்தநாள், கேக் வெட்டுவார்கள். இனி வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று அங்கே யாரும் சத்தியம் செய்வதில்லை. இன்று ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன், அவ்வளவுதான். ஆயிரம் முறை சாமி மேல் சத்தியம் செய்து மீறியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கை நடுங்கும். கால் தன்னால் டாஸ்மாக் பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் போன் போட்டுப் பேச ஒருவரை இந்த அமைப்பு தருகிறது. ஸ்பான்சர் என்பார்கள். தன்னைவிடச் சில வருடம் முன்னால் விட்டவர். 'எங்க இருக்க? அங்கேயே நில்லு, வர்றேன்' என்று சொல்கிற ஆள். இதற்குப் பலன் உண்டா என்று மருத்துவ உலகம் நெடுநாள் சந்தேகப்பட்டது. 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வு, 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களையும் தொகுத்துப் பார்த்து, குடியைத் தொடர்ந்து விட்டிருப்பதில் இந்த வழி மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறது என்றது.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். தினமும் நிறையக் குடித்தவர் வைராக்கியத்தில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் உளறலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் சில நாட்கள் மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். கூட்டம் அதற்குப் பிறகு. இன்னொன்று, குடியும் மனநோயும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருப்பது சர்வசாதாரணம். மனச்சோர்வை மறக்கக் குடிக்கிறவர் உண்டு, குடித்துக் குடித்துச் சோர்வில் விழுந்தவரும் உண்டு. 'குடியை விட்டாச்சு, இனி எந்த மாத்திரையும் வேண்டாம்' என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை உறுப்பினர் யாருக்கும் இல்லை என்பது அந்த அமைப்பே சொல்வது.

மேலான ஒரு சக்தியிடம் ஒப்படைப்பது என்ற பேச்சு அங்கே வரும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அது உறுத்தும். அந்தக் கூட்டத்தையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு தொடர்கிறவர்கள் உண்டு. முடியாதவர்கள் அரசு மருத்துவமனை ஆலோசகரிடம் போகலாம். வழி ஒன்றே ஒன்று என்று நினைத்து யாரும் திரும்பிப் போய்விடக் கூடாது. பெண் குடிநோயாளிகளின் பாடு இன்னும் கொடுமை. ஆண் குடித்தால் நோய் என்று ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கும் சமூகம், பெண் குடித்தால் இன்னும் நடத்தையைத்தான் பேசுகிறது.

வீட்டில் இருப்பவர்கள்

கணவன் அலுவலகத்துக்குப் போன் செய்து, 'அவருக்குக் காய்ச்சல் சார்' என்று பொய் சொல்வது மனைவி. தெருவில் விழுந்து கிடப்பவரைத் தூக்கி வந்து வாந்தியைக் கழுவுவது மனைவி. அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்த பணம் போனதைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைப்பதும் அவர்தான். 'நீ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்?' என்று மாமியாரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதும் அவரே. பல வருடங்களில் அவரும் நோயாளி ஆகிவிடுகிறார். தூக்கம் போய்விடும், யாரோடும் பேச்சு இருக்காது.

இவர்களுக்காகவே 1951-இல் தொடங்கப்பட்டது அல்-அனான். குடிப்பவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் வீட்டார் வாழக் கற்றுக்கொள்வதற்கான கூட்டம் இது. மனநோயாளிகளின் குடும்பத்தார் சேர்ந்து சென்னையில் நடத்தும் ஆஷா அமைப்பும் இதே தேவையில் பிறந்தது. 'எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்ற கேள்வியை, அதே கேள்வியோடு தூங்கப் போகிற இன்னொரு தாயிடம்தான் மனம் விட்டுக் கேட்க முடியும். நம் ஊரில் தெருவுக்குத் தெரு மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. சீட்டும் கடனும் பேசும் அந்தக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை இதையும் பேசினால் என்ன?

ஆதரவற்ற குடும்பங்களைக் குறிவைத்து ஒரு வியாபாரமும் நடக்கிறது. 'போன் பண்ணுங்க, நாங்களே வந்து தூக்கிட்டுப் போறோம்' என்று விளம்பரம் செய்கிற மறுவாழ்வு மையங்கள். நள்ளிரவில் நாலு பேர் வேனில் வந்து கட்டித் தூக்கிப்போவது சிகிச்சை ஆகாது. மையத்தில் சேர்க்குமுன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் தினமும் வருகிறாரா, நீங்கள் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கலாமா, போனில் பேசவிடுவார்களா என்று கேளுங்கள். மூன்று மாதம் பார்க்க வரக்கூடாது என்று சொல்கிற இடத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளையை விடாதீர்கள்.

பஸ்ஸில் வந்த டாக்டர்

சென்னையின் அரசு மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற சொல்லையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். 1961-இல் அந்த மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். மதிலுக்குள் குணமாகியும் போக இடமில்லாமல் கிடந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான், ஓய்வு பெற்ற பின் 1984-இல் ஸ்கார்ஃப் என்ற ஸ்கிசோஃப்ரீனியா ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். 98 வயது வரை வாழ்ந்து 2021 டிசம்பரில் மறைந்தார். அவரைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த ஸ்கார்ஃப் 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. உள்ளே ஒரு சின்ன அறை. அதில் திரை. திரையில் சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் பேசுவார். பேசி முடித்ததும் பஸ்ஸிலேயே இருக்கும் மருந்தகத்தில் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். தொழில்நுட்பம் என்று செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. அந்த பஸ்ஸை நிரப்பியவர்கள் உள்ளூர் சமுதாய சுகாதாரப் பணியாளர்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. எந்த வீட்டுப் பின்கட்டில் யாரைப் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். போய்க் கூப்பிட்டு, பஸ் வரை கூட நடந்து வந்து, அடுத்த வாரம் மாத்திரை போட்டாயா என்று வீட்டுக்கே வந்து கேட்பார்கள். பட்டம் பெற்ற டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற பக்கத்து ஊர்க்காரர்கள்.

இப்படிப்பட்டவர்களால் உண்மையில் பலன் இருக்கிறதா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாடு, கோவா, சதாரா ஆகிய இடங்களில் ஸ்கிசோஃப்ரீனியா உள்ள 282 பேரிடம் நடந்த ஆய்வு 2014-இல் லான்செட் இதழில் வந்தது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, சமுதாயப் பணியாளர் வீடு தேடி வந்தவர்களுக்கு அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறன் கூடுதலாகத் திரும்பியிருந்தது. வித்தியாசம் மலையளவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தானாகக் குளித்து, கடைக்குப் போய், மீதிச் சில்லறை சரியாக வாங்கி வருவது ஒரு வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

வீடே இல்லாதவர்களுக்கு? 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் சென்னையில் தொடங்கிய பேனியன், தெருவில் அலைந்த மனநோயாளிப் பெண்களை எடுத்து வந்து சிகிச்சை தந்தது. பலர் குணமாகி ஊருக்குத் திரும்பினார்கள். சிலருக்கு ஊர் கதவைத் திறக்கவில்லை. அவர்கள் சாகும்வரை விடுதியில் கிடக்க வேண்டுமா? 2015 முதல் பேனியன் ஒன்று செய்கிறது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். உதவிக்கு ஒரு பெண் இருப்பார். என்ன குழம்பு என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். மார்க்கெட்டுக்குப் போவார்கள், பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதுவார்கள். 'மீண்டும் வீடு' என்று பொருள்படும் அந்தத் திட்டம் இங்கே தொடங்கி மற்ற மாநிலங்களுக்கும் போயிருக்கிறது. தெரு அவர்களை எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதில்தான் அதன் வெற்றி இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியது

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறுநாளிலிருந்து அந்தத் தெருவுக்கு வராத தலைவர் இல்லை. அவர்களில் பலர் அதற்குமுன் பல வருடங்களாகக் குடிநோயாளிகளாக அதே தெருவில் உயிரோடு இருந்தவர்கள். அப்போது வந்து கதவைத் தட்டியவர் யார்?

2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனம்தான். 2023-24-இல் அதன் வழி அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்த வருவாயில் ஒரு சிறு பங்கை, ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பயிற்சி பெற்ற சமுதாய மனநலப் பணியாளர்களை அமர்த்த ஒதுக்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. வழியும் கையிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை பெண் தன்னார்வலர் வழியாக வீட்டு வாசலுக்கு வருகிறது. அதே தன்னார்வலரின் பையில் மனநோய்க்கான மாத்திரையும் எல்லா ஊரிலும் வந்துவிட்டால், மஞ்சப்பையோடு இரண்டு பஸ் மாறும் தாய்க்குப் பாதிப் பாரம் குறையும்.

உரிமைகளும் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. அடையாள அட்டை வாங்கலாம், அதைக் காட்டி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2017 சட்டப்படி உடல்நோய்க்குத் தரும் மருத்துவக் காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

உதவிக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கு 14446. உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறவர்களுக்கு, டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகாவின் தன்னார்வலர்கள் 044-24640050-இல் காது கொடுத்துக் கேட்பார்கள். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. வீட்டாரும் பேசலாம், பக்கத்து வீட்டாரும் பேசலாம்.

எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் சொந்தத்தில் ஒருவர் இருக்கிறார். யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் வட்ட மருத்துவமனைக்குப் போய், மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று நீங்கள் விசாரியுங்கள். விசாரித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போங்கள். 'புதன்கிழமை காலையில ஒன்பது மணிக்கு நான் வண்டி எடுத்துட்டு வர்றேன், சேர்ந்தே போயிட்டு வந்துடலாம்' என்று சொல்லுங்கள். அடுத்த மாதமும் போங்கள்.